இலைக்குள்ளிருந்து ஒரு குரல்

மரங்கொத்தி ஒரு பொந்தை ஏலம் விட்டது. அவரவர் மரத்திலிருந்தே கேட்கலாம்; முகம் காட்ட வேண்டியதில்லை.

நிறைமாத அணிலுக்கு மழை வருவதற்குள் ஓர் இடம் வேண்டும். "பத்து அத்திப்பழம்" என்றது.

"ஒரு தரம், ரெண்டு தரம்..." மூன்றாம் தரத்துக்கு மரங்கொத்தி வாயெடுக்கையில், அடர்ந்த இலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பதினஞ்சு."

அணில் இருபது என்றது. கடைசி நொடியில் அதே குரல், "இருபத்தஞ்சு." முப்பது என்றால் முப்பத்தஞ்சு.

அணிலிடம் நாற்பது பழம் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தது. பாவம், இந்தத் தவிப்புத் தவிக்கிறாளே, அவளும் என்னை மாதிரி மாசமா இருப்பாளோ என்று தோன்றியது.

"அவங்களுக்கே குடுத்துருங்கண்ணே."

இலைக்குள் இருந்து விலையை ஏற்றிக்கொண்டிருந்தது மரங்கொத்தியின் கூட்டாளி மைனா.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்று மரங்கொத்தி கெஞ்சிப் பார்த்தது. அணில் போயேவிட்டது.

மறுநாள் மரங்கொத்தி தேடிக்கொண்டு வந்தது. கூடவே மைனாவும். "அந்த ஆள் வரலம்மா. பத்துப் பழத்துக்கே நீ எடுத்துக்க."

"எனக்கு வேலியோரம் இடம் கிடைச்சிருச்சுண்ணே. அவ வருவா. வயித்துப் பிள்ளையோட மெதுவாத்தானே நடக்க முடியும்? அதுவரைக்கும் பொந்தை வேற யாருக்கும் குடுத்துறாதீங்க" என்ற அணில், பத்துப் பழத்தை மைனாவின் முன்னால் வைத்தது. "வந்தா இதை அவகிட்ட குடுத்துருங்க. பசியோட வருவா."