தலைக்குதிரையின் வாய்

குதிரையின் வாய்க்குள் விரலை விட்ட தமுவுக்கு அதை வெளியே எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் பேசியாக வேண்டும்.

உள்ளே ஒரு பல் இல்லை.

முற்றத்தில் இரண்டு வீட்டு ஆண்களும் வெற்றிலையைக் குதப்பியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பெண் வீடு, அதாவது தமுவின் வீடு. அந்தப் பக்கம், அவன் தங்கை கஹியைக் கேட்டு வந்திருக்கும் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குச் சீராகக் கொண்டுவந்த மற்ற குதிரைகள் முன்னோர்களின் கல்லறை நிழலில் வால் வீசிக்கொண்டு நின்றன.

சும்பாத் தீவில் கல்யாணம் என்றால் முதலில் குதிரை, பிறகுதான் பெண். முன்னால் வரும் தலைக்குதிரையின் வாயைத் திறந்து பார்த்துப் பெண்ணின் அண்ணன் சரி என்று சொன்னால் சேகண்டி முழங்கும். சொல்லாவிட்டால் எல்லோரும் வந்த வழியே திரும்பிப் போகவேண்டியதுதான்.

தலைக்குதிரைக்கு நடுப்பற்கள் இரண்டும் பால்பல் போய் முளைத்திருக்க வேண்டும், சவாரி தாங்கும் வயதாக இருக்க வேண்டும் என்பது பேச்சு. முளைத்துத்தான் இருந்தன. அகலமாக, பளிச்சென்று. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வினை பக்கத்துப் பல்லில் இருந்தது. இடப்பக்கம் பால்பல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் குழி.

தானாக விழுந்திருந்தால் அடியில் புதுப்பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே உடைந்த வேர்தான் விரலில் குத்தியது. ஈறு கிழிந்து ரத்தம் இன்னும் பிசுபிசுத்தது. யாரோ தட்டி எடுத்திருக்கிறார்கள். இனி அந்த இடத்தில் முளைப்பது கோணலாகத்தான் முளைக்கும், முளைத்தால்.

குட்டியை வயது கூட்டி விற்கச் சந்தைத் தரகன் செய்யும் திருட்டு வேலை. அதைப் போய்க் கல்யாணக் குதிரையிலா செய்வார்கள்? உனக்குப் பல் பார்க்கத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இந்த ஒரு பல்லுக்காகவே சீரைத் திருப்பி அனுப்பலாம். ஊரில் ஒருவரும் தமுவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நடுப்பல் போதும் என்று பேசி முடித்த பிறகு பக்கத்துப் பல்லை எதற்காகத் தட்டினார்கள் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

“என்ன தம்பி, பல்லு பாக்குறியா, குதிரைக்குச் சோறு ஊட்டுறியா?” என்று கேட்டார் மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்த கிழவர். முற்றமே சிரித்தது. அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

எவ்வளவு நெஞ்சழுத்தம் பார், என்று தமு பல்லைக் கடித்தான்.

திருப்பி அனுப்பிவிடலாம். அனுப்பினால் கோண்டாவை எப்படி அழைத்து வருவது?

கோண்டா அவன் மனைவி, பெயருக்கு. அவளுக்கான சீரைக் கொடுத்து முடிக்கும் வரை அவளும் பிள்ளையும் அவள் அப்பா வீட்டில்தான். கஹிக்கு வந்திருக்கும் இந்தக் குதிரைகள் நேரே அந்த வீட்டுக்குப் போக வேண்டியவை. போன தடவை அவன் அங்கே போனபோது பிள்ளை எட்டிப் பார்த்து, “அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்றது.

கோபத்தை விழுங்கினான். கையை வெளியே எடுத்து, ரத்தம் தெரியாமல் குதிரையின் பிடரியில் துடைத்தான்.

“வாய் நல்லாருக்கு. ஒரு பல்லு தானா விழுந்திருக்கு, அவ்வளவுதான்.”

சேகண்டி முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைக்காக ஒரு அவமானத்தைத் தாங்கிக்கொண்டோம் என்று தமுவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கஹி வெற்றிலைக் கூடையோடு வந்து அவன் முன்னால் நீட்டினாள். இடது கையால்.

இத்தனை பேர் முன்னால் இடது கையால் வெற்றிலை கொடுக்கிற பெண் இல்லை அவள். வலது கையை இடுப்புத் துணியின் மடிப்புக்குள் வைத்திருந்தாள். குனிந்து கூடையைத் தாழ்த்தியபோது அது நழுவி வெளியே வந்தது. இரண்டு விரல்கள் நீலம் பாரித்து வீங்கியிருந்தன. அவற்றின் குறுக்கே வளைவாக ஒரு தடம். குதிரை கடித்த தடம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேற்று வந்து சேர்ந்த குதிரைகள் ராத்திரி முழுக்க இவன் வீட்டுத் தொழுவத்தில்தான் நின்றன.

“அந்த ஆள் வேண்டாம்ணா” என்று அவள் முன்பே அழுதிருந்தாள். அப்போது இவன்தான் அவள் தலையைத் தட்டி, “வர்ற குதிரை வாயில ஒரு குறை இருக்கட்டும், அப்படியே திருப்பி அனுப்பிடுறேன், போதுமா?” என்று சிரித்துவிட்டுப் போனான். அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்ன பேச்சு. அவள் அதை நம்பியிருக்கிறாள்.

சேகண்டி இன்னும் அடங்கவில்லை. இப்போதுகூட வாயைத் திறந்தால் போதும்.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நல்லாப் பாத்தியாண்ணா?”

கிழவர் எழுந்து அவனைக் கட்டிக்கொள்ளக் கைகளை விரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

“பாத்தேன்” என்றான் தமு.

கஹி கூடையைத் தரையில் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு உடுத்திக்கொள்ள உள்ளே போனாள்.