ஏறாத கார்

"எட்டு ஞாயித்துக்கெழமையா தோத்துட்டு, இன்னும் இன்னா கேம் வேண்டிக்கெடக்குது?"

மனைவி அமலாவின் அர்ச்சனை நெடுமாறன் காதில் ஏறவே இல்லை. ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், வயசு நாற்பத்திரண்டு. காலையிலிருந்து செல்போனில் ஒரு சிவப்புக் காரை ட்யூன் பண்ணிக்கொண்டிருக்கிறான். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். பதினோரு மணிக்கு நண்பன் சுந்தரமூர்த்தியோடு ரேஸ். அவன் தன் வீட்டிலிருந்தே ஓட்டுவான்.

"நம்ம தண்ணி மோட்டாரு ஒரு வாரமா முக்கிக்கினு கெடக்குது. அத்த ட்யூன் பண்ண ஆளில்ல."

போனை வெடுக்கென்று பிடுங்கினாள். தினம் ஸ்கூட்டியில் திண்டிவனம் போய்வருகிறவள், வண்டி சமாச்சாரம் அவளுக்கும் தெரியும்.

"இன்னாங்க இது? இன்ஜின் பவரக் கொறச்சிருக்கீங்க. டயர்ல காத்தையும் எறக்கிட்டீங்க. போதாக்கொறைக்கு நூறு கிலோ வெயிட்டு வேற. இந்த வண்டி எப்படி ஜெயிக்கும்?"

"ஜெயிக்கக் கூடாது அமலா."

மூன்று மாசத்துக்கு முன் சுந்தரமூர்த்தியின் கால் உடைந்தது, நெடுமாறன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோதுதான்.

"டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. அவன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்றான். என்னை ஜெயிச்ச அன்னிக்கு மட்டும் கைத்தடிய ஊனிக்கினு டீக்கடைக்கு நடந்து வந்து, நெடுமாறனுக்கு வண்டியே ஓட்டத் தெரியலன்னு பீத்திக்கிறான். நடந்தா சரி."

அமலா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னும் அம்பது கிலோ ஏத்துங்க."

ரேஸ் தொடங்கியது. ராஜகிரிக் கோட்டையின் மலைப்படி ஏறுகிறவர்கள்கூட சிவப்புக் காரை முந்தியிருப்பார்கள். ஆனால் சுந்தரமூர்த்தியின் பச்சைக் கார் அதற்கும் பின்னால் வந்தது. கடைசி மேட்டில் இரண்டுமே ஏற முடியாமல் நின்றுபோயின. நேரம் முடிந்தது. முன்னால் நின்ற சிவப்புக் காருக்கே வெற்றி என்று காட்டியது போன்.

நெடுமாறன் தலையில் கைவைத்துக்கொண்டான். "போச்சு. இன்னிக்கு நடக்க மாட்டான்."

அப்போது அமலாவின் போன் அடித்தது. சுந்தரமூர்த்தியின் மனைவி சாமுண்டீஸ்வரி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. எட்டு வாரமா நெடுமாறனே தோக்குறான், பாவமா இருக்குதுன்னு இவரு தன் வண்டி பவர மொத்தமா கொறச்சிட்டாரு. இப்ப அண்ணன் பீத்திக்கிறத நேர்ல கேக்கணும்னு, கைத்தடிய எடுத்துக்கினு டீக்கடைக்குக் கெளம்பிட்டாரு. அண்ணனச் சீக்கிரம் அனுப்புங்க."