இன்னும் வரல

“இன்னிக்காவது வந்துச்சாடி?” அம்மா கேட்டாள்.

“இல்லம்மா.”

அம்மாவுக்கும் எனக்கும் விசா முடிவு வரவேண்டும். நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்டில் இருந்த அத்தா, இப்போது ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். போகப்போகிறோம் என்று அம்மா பீரோவைக்கூட விற்றுவிட்டாள்.

வீடியோ காலில் அத்தா முகம் தெரிந்ததும் பாய்ந்தாள்.

“நம்மகூட அப்ளை பண்ண வடலூர் மிஸ்ரியாவுக்கு வந்துடுச்சு. எனக்கு மட்டும் ஏங்க வரல? பேப்பரே போடாம ஏமாத்திக்கினு இருக்கீங்களா? அங்க எவளாச்சும் இருக்காளா?”

“பைத்தியமா ஒனக்கு? உங்கம்மா வூட்ட வுட்டு வர மனசில்லாம, நீதான் விசா ஆபீஸ்ல ஏதோ உளறி வச்சிருக்க!”

“நானா? விசா வந்த அன்னிக்கே வூட்டப் பூட்டிட்டு ஏர்போர்ட்ல நிப்பேன்!”

அத்தா போனை வைத்துவிட்டார். அம்மா அழுதாள். “ஜமாத்துல பேசிடறேன். இந்த மனுசனோட இனிமே வாழ முடியாது.”

அம்மாவுக்கு மெயில் பார்க்கத் தெரியாது என்று, விண்ணப்பத்தில் என் ஈமெயிலைத்தான் கொடுத்திருந்தோம்.

முடிவு வந்து பதினோரு நாள் ஆகிறது. அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. பதினெட்டு வயது முடிந்துவிட்டதால் எனக்குக் கிடையாதாம்.