முப்பத்திரண்டு மைல்

கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதற்காக நானூறு மலைக்குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து போட்ட வழக்கு அது. அதை அறுநூறு மைல் தள்ளியிருக்கும் நகர நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லி ரசாயன நிறுவனம் மனுப் போட்டது. சாட்சிகளுக்கு அதுதான் வசதியாம். பதிலுக்கு மக்களின் வக்கீல் ட்ரீமா, ஒவ்வொரு சாட்சியின் வீடும் இந்த நீதிமன்றத்திலிருந்து எத்தனை மைல் என்று பட்டியல் கொடுத்தாள். வழக்கில் முதல் கையெழுத்துப் போட்ட கோய் ரேட்லிஃப்புக்கு முப்பத்திரண்டு மைல்.

பிப்ரவரியில் கோய் இறந்துபோனார். வீட்டுக்குப் பின்னாலேயே புதைத்தார்கள். மார்ச்சில் வந்த திருத்திய பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. தூரம் மட்டும் பத்தொன்பது. நீதிமன்ற எழுத்தர் வெர்னா போன் போட்டாள்.

“ஏம்மா ட்ரீமா, கோய் பேரை எடுக்கலையா?”

“என் கையாலதான் எடுத்தேன் வெர்னா. முதல்ல நீ கண்ணாடியை மாத்து.”

ஏப்ரல் பட்டியலில் ஆறு மைல். வெர்னா மறுபடி போன் போடவில்லை. சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்த மனுஷன், மேட்டில் நின்று நின்றுதானே நடந்து வர முடியும்?

விசாரணையன்று காலை கடைசிப் பட்டியல் வந்தது. கோய் பெயருக்கு நேரே பூஜ்யம்.

“உங்க சாட்சிகளால அவ்வளவு தூரம் போகவே முடியாதுங்கிறீங்களா?” என்று நீதிபதி கேட்டார்.

“முடியாதுங்க ஐயா,” என்றாள் ட்ரீமா. “இங்கேன்னா எப்பாடுபட்டாவது வந்துடுவாங்க.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்னா, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.