பின்படிக்கட்டு

“பையைத் தொறடா!”

சூப்பர்வைசர் போட்ட சத்தம் ஜவுளிக்கடையின் எல்லா மாடிக்கும் கேட்டது. பின்படிக்கட்டின் மூலையில் ஒடுங்கி நின்றவன் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிடிபட்டவன் அப்படித்தானே அணைப்பான்?

கடையில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். பில் போட்ட துணியை மடித்துக் கட்டிக்கொடுப்பது வேலை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கூடி உட்கார, இவன் மட்டும் பையோடு பின்படிக்கு நழுவுவான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஏதாவது கேட்டால் வேர்த்துக் கொட்டும். அந்தத் திருட்டுமுழி மொத்த விலைக்கடையில் தேடினாலும் கிடைக்காது. சூப்பர்வைசருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

பையைப் பிடுங்கி உதறினார். உள்ளேயிருந்து உருண்டது சாப்பாட்டு டப்பா. பாதி தின்ற சாப்பாடு.

“இதை ஏன்டா இங்க வந்து தின்னுற?”

“நாலு பேர் பாத்தா... தொண்டைல எறங்க மாட்டேங்குதுண்ணே.”

கூடியிருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். “புதுப்பொண்ணு வெக்கத்தைப் பாருடி!” என்றாள் பில் போடும் அக்கா. அவன் அவசர அவசரமாக அழுத்தியும் டப்பா மூடி பொருந்தவே மாட்டேன் என்றது. திருடன் என்று பிடித்துக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டான்.

அதற்குள் மேலேயிருந்து மணி அடித்தது. முதலாளி அவனைக் கூப்பிடுகிறாராம்.

“போச்சுடா உன் வேலை” என்றார் சூப்பர்வைசர். “அவரு தலைக்கனம் புடிச்ச மனுஷன். என் பொண்ணு கல்யாணத்துக்கே ஆள்கிட்ட கவர் குடுத்தனுப்பினவரு. நம்ம மூஞ்சியப் பாத்தா சோறு எறங்காதுன்னு கதவைத் தாழ் போட்டுத்தான் சாப்பிடுவாரு. உன்னையெல்லாம் விடுவாரா?”

அறையில் முதலாளி முதுகைக் காட்டி, கேமரா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

“அய்யா, நான் எதையும் எடுக்கலைங்க. வேலைய மட்டும்...”

“தெரியும். தினமும் இதுல பாக்கிறேன். இன்னிக்குக் கீழ எறங்கி வந்து நான் தடுத்திருக்கணும்.” கை நீட்டித் திரையை அணைத்தார். “எப்பலேருந்து இப்படி?”

“பள்ளிக்கூடத்துலேருந்துங்க. கூச்ச சுபாவம்னு வீட்ல விட்டுட்டாங்க.”

“வெறும் கூச்சம்னா பழகப் பழகப் போயிடும். சாப்பாட்டையும் பொழப்பையும் கெடுக்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டணும். நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்காங்க.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “கடையில தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டிருவாங்க அய்யா. டாக்டரெல்லாம் எனக்கு வேணாங்க.”

முதலாளி முதல் முறையாகத் திரும்பினார். ஏசி அறையில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பார்வை அவன் முகம்வரை ஏறாமல் சட்டைப் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

“உனக்கில்லப்பா, எனக்கு. தனியாப் போனா வாசலோட திரும்பிடறேன்... கூட வர்றியா?”