டஸ்டர் சார்

வேகமான கம்ப்யூட்டர்களை ஆராய்கிறவர் வேகமாக இருப்பார் என்று உலகம் நம்புகிறது. மிகப் பெரிய பிழை. இதய நிபுணர்களுக்கெல்லாம் இதயம் இருக்கிறதா என்ன?

முனைவர் மரிய அருளையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியனூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பேரலல் கம்ப்யூட்டிங் நடத்துகிறார். சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கணினிகளைப் பற்றி வெளிநாட்டு இதழ்களில் எழுதுகிறார். ஒன்பது மணி வகுப்புக்கு வந்ததும், சுத்தமாக இருக்கும் போர்டைத் துடைக்க ஆரம்பிப்பார்.

சில நாள் நாலு இழுப்பில் முடிந்துவிடும். மழை நாளில் போர்டே தேய்ந்துவிடும்.

"கோடிக் கணக்க நொடியில போட வழி சொல்றாரு. போர்டு தொடைக்கக் கால் மணி நேரம்!" என்பான் கலைவேந்தன். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பைக்கில் முதல் ஆளாக வந்து, பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு ஏஞ்சல் மேரிக்கு இடம் பிடிப்பவன். அவளிடம் நல்ல பெயர் வாங்குவதுதான் அவனுடைய இந்த செமஸ்டர் லட்சியம்.

கேன்டீனில் அவள் அலுத்துக்கொண்டாள். "இந்தப் பேப்பர் போச்சுன்னா, வூட்ல படிப்ப நிறுத்திடுவாங்கடா. சிலபஸ் பாதிகூட முடியல."

"நீ இன்னாத்துக்குக் கவலப்படற? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். மறுநாளே பிரின்சிபால் அறையில் புகார்.

"இன்னா சார் இது, டைமுக்கு ஆரம்பிக்க மாட்டீங்களா?" பிரின்சிபால் கேட்டார்.

மரிய அருள் கண்ணாடியைத் துடைத்தார். "அதுக்குப் பேரு பேரியர் சார். பல ப்ராசஸர் சேர்ந்து ஒரு வேலயச் செய்யும்போது, முதல்ல வந்தது கடைசியா வர்றதுக்காக நிக்கணும். அப்புறம்தான் எல்லாம் சேர்ந்து அடுத்த படிக்குப் போகும்."

பிரின்சிபால் வேதியியல்காரர். "ஆராய்ச்சியெல்லாம் லேபோட வெச்சுக்குங்க. நாளையிலேர்ந்து ஒன்பதுன்னா ஒன்பது. கதவச் சாத்திடுங்க."

வாசலில் நின்ற கலைவேந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் நல்ல மழை. ஒன்பதுக்கு டாணென்று கதவு சாத்தப்பட்டது. டஸ்டரைத் தொடாமலே பாடம் தொடங்கியது.

வெற்றியைச் சொல்ல உற்சாகமாகப் பக்கத்து இருக்கைக்குத் திரும்பினான் கலைவேந்தன். அவன் பைதான் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, காலையில் வரும் ஒரே ஏம்பலம் பஸ் அப்போதுதான் வந்து நின்றது. தினமும் அந்த பஸ் வந்த பிறகே டஸ்டர் கீழே வைக்கப்படும் என்பது அவனுக்கு அன்றுதான் உறைத்தது. அதிலிருந்து இறங்கிய ஏழெட்டுப் பேருக்கு முன்னால், நனைந்தபடி ஓடி வந்தாள் ஏஞ்சல் மேரி.

அந்த செமஸ்டரில் சிலபஸ் முழுவதும் முடிந்தது. பக்கத்து இருக்கையில் கலைவேந்தனின் பை உட்கார்ந்து கேட்டது.