இரண்டு பக்கமும் கறுப்பு

'சேவைச் சிகரம்' தணிகாசலம் தன் எழுபதாம் பிறந்தநாள் விழாவில் திரையிடும் வீடியோவுக்காக, ஸ்கேன் செய்த நாற்பத்து மூன்று பழைய புகைப்படங்களோடு ஜெசிந்தாவின் எடிட்டிங் கடைக்கு வந்தார். பட்டம் அவரே நோட்டீஸில் அச்சடித்துக்கொண்டதுதான். படங்களெல்லாம் நெட்டுவாக்கில் எடுத்தவை. மண்டபத் திரையோ அகலமானது. போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"கவலைப்படாதீங்க ஐயா. 'நிரப்பி'ன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. உங்க போனை ஒரு தடவ படிச்சிட்டு, பக்கத்துல மனசார யார் நின்னிருப்பாங்களோ அவங்களையே வரைஞ்சு ஓரத்தை நிரப்பிடும்."

"அப்ப கூட்டம் தாங்காதே!" என்று துண்டைச் சரிசெய்துகொண்டார்.

நிரப்பி ஓடியது. விருது வாங்கும் படத்தில் இடப்புறம் திரைச்சீலை, வலப்புறம் குரோட்டன்ஸ் தொட்டி. ரத்ததான முகாமில் இருபுறமும் காலிக் கட்டில்கள். மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் அவர் நின்ற படத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்பத்து மூன்றிலும் புதிதாக ஒரு ஆள் வரவில்லை.

"மெஷின் கோளாறும்மா இது."

"நேத்து ஒரு இஸ்திரிக்காரருக்குப் போட்டேன் ஐயா. ஜனம் பிதுங்கி, நாலு பேரை வெட்ட வேண்டியதாப் போச்சு." சொன்னபிறகுதான் ஜெசிந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வேணும்னா எல்லாருக்கும் போடுற பொது முகங்க இருக்கு. சேர்த்துடவா?"

தணிகாசலம் கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாற்காலிகள், ஒன்றில்கூட மகள் உட்காரவில்லை.

"வேண்டாம்மா. அந்தக் கறுப்புப் பட்டையே இருக்கட்டும்," என்றார் மெல்ல. "யாரோ நின்னிருக்காங்க, படத்துல விழலைன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க."